சாய்தளத்தில் காய்ந்த நெல்

மாற்றுத்திறனாளிகளின் வசதிக்கென்று அரசு ஒதுக்கும் பணத்தைச் சிமெண்டாக மாற்றுவதற்கு நமக்குச் சிமெண்டைவிடக் கெட்டியான மண்டை வேண்டும். கீழ்வேளூர் பக்கம் ஓர் ஊராட்சியில் நான் இந்தத் திட்டப் பணியாளர். இதே வேலையில் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

வாசல் வரைக்கும்

வெள்ளத்துக்குப் பயந்து எங்கள் ஊராட்சி அலுவலகத்தை உயரத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். தையல்காரர் செல்வி அக்காவுக்குச் சக்கர நாற்காலி. கிராம சபை என்றால் அவர் படிக்குக் கீழே. உள்ளே பேசியதை நான் வந்து ஒப்பிக்க வேண்டும். சாய்தளத்துக்குப் பணம் வந்திருக்கிறது, மார்ச்சுக்குள் கட்டாவிட்டால் திரும்பிப் போய்விடும் என்று அக்காவிடம் சொன்னேன்.

"அதுவும் என்னை மாதிரிதானா தனம்? வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போகுது!"

மேஸ்திரியின் சரிவு

மகளுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் நான் வரவில்லை. அதற்குள் கோவிந்தன் மேஸ்திரி செங்கல் அடுக்கிவிட்டார். வீட்டு வாசல்களில் மோட்டார் சைக்கிள் ஏற்றப் போடுவாரே, அதே செங்குத்துச் சரிவு! மகளின் நடைவண்டியை உச்சியில் வைத்து விட்டுப் பார்த்தேன். அது ரோட்டைத் தாண்டி வாய்க்காலில் இறங்கியது. மேஸ்திரி தலையைச் சொறிந்தார். செல்வி அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"இதுல ஏறணும்னா எனக்குப் பெட்ரோல் ஊத்தணும் மேஸ்திரி."

மாமாவின் களம்

சரிவைக் குறைத்தால் நீளம் கூடும். நீளம் கூடினால் சாம்பசிவம் மாமாவின் நெல் களத்தில் போய் இடிக்கும். அந்த ஓரம் புறம்போக்கு என்று ஊராட்சி சொல்லும், பட்டா என்று மாமா சொல்வார். தீர்த்துவைப்பதாக இரண்டு கட்சியும் மாறி மாறி ஓட்டு வாங்கியாகிவிட்டது. நான் போனேன், ஊராட்சித் தலைவர் போனார், மாமா மசியவில்லை. மார்ச்சோ நெருங்குகிறது. கடைசியில் செல்வி அக்காவே நாற்காலியை உருட்டிக்கொண்டு போனார். "கட்டுனப்புறம் அதுலயே நெல்லு காயப் போடுங்க மாமா. சபை நடக்குற அன்னிக்கு மட்டும் எனக்கு விட்டுடுங்க."

மாமா தாடையைத் தடவினார்.

"சிமெண்டுத் தரைன்னா நெல்லுல கல்லு மண்ணு கலக்காது, இல்ல?"

சபை நாள்

சரிவைக் குறைத்து, மாமாவின் களத்து ஓரம் வரை நீட்டி, மார்ச்சுக்குள் கட்டி முடித்தோம். சபைக்கு முந்தின நாள் திடீர் மழை. காலையில் வந்து பார்த்தால் சாய்தளம் முழுக்க மாமாவின் ஈர நெல்! உள்ளே அதிகாரிகள் உட்கார்ந்தாயிற்று, கீழே செல்வி அக்கா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மழை என்னம்மா, சபைத் தேதி பாத்தா பெய்யுது?" என்று என்னிடம் எரிந்து விழுந்துகொண்டே மாமா பலகையை எடுத்து நெல்லை இருபுறமும் ஒதுக்கினார். நடுவில் ஒரு வண்டித்தடம் திறந்தது. அக்கா யாரையும் தள்ளவிடவில்லை. சக்கரத்தில் நெல்மணி ஒட்டியிருக்க, தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

கைதட்டல். மகிழ்ச்சியாக நாலு வார்த்தை பேசச் சொல்லி, தலைவரே மைக்கை நீட்டினார்.

"மகிழ்ச்சி இருக்கட்டும் தலைவரே. கூட்டம் மதியம் வரைக்கும்ங்கிறீங்க. இந்த நாற்காலியோட நான் போறதுக்குக் கக்கூஸ் எங்க இருக்கு?"

சாய்தளம் கட்டியதோடு வேலை முடிந்தது என்று காலை நீட்டாதீர்கள் சகோதரிகளே. ஏறி வந்தவர் வாயைத் திறந்த பிறகுதான் அது ஆரம்பிக்கிறது.