சங்க எல்லைக்குள் ஒரு வீடு

என்னால் ஒரு மனிதர் தம் முதற்பிள்ளையை அது இடுப்பில் ஏறி இருக்கும் வயதுவரை பார்க்கவில்லை. அது நடந்த விதத்தை எழுதினால் சிரிப்பு வரும். எழுதும்போது எனக்கும் வருகிறது. அதையும் என் குற்றத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கொழும்பில், மீன்பிடியைப் பார்க்கும் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞன். ஊர் இணுவில். சைவக்குடும்பம். வருடக்கணக்காக மீனைப் பற்றி எழுதியிருந்தேனே தவிர, மீனைத் தொட்டதில்லை. அரச ஊழியர் எல்லோரும் சிங்களப் பரீட்சை எழுத வேண்டும் என்று வந்திருந்த காலம். எழுதினேன், தவறினேன். இன்னொரு முறை தவறினால் சம்பள உயர்வு நிற்கும், பிறகு வேலையும் போகும்.

அந்த நேரத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. திணைக்கள ஊழியர் மூன்று மாதம் வெளியே ஒரு பொது நிறுவனத்தில் வேலை செய்வார். அங்குள்ளவர் இங்கே வந்து இவருடைய கதிரையில் இருப்பார். ஒருவர் தொழிலை மற்றவர் கற்க வேண்டும். வெளியே இருக்கும் காலத்தில் பரீட்சை இல்லை. கடைசி வசனத்தை வாசித்தவுடன் நான் பெயர் கொடுத்தேன்.

மயிலிட்டியில் ஒரு மீனவர் சங்கத்துக்கு மனேச்சராக என்னை அனுப்பினார்கள். அங்கிருந்த மனேச்சர் கொழும்புக்குப் போனார். சங்கக் கதவுகளின் திறப்புக் கோர்வையை என் கையில் தரும்போது, "மனிசி பிள்ளைத்தாச்சி ஐயா. மூண்டு மாசந்தானே, பிறக்கமுன்னம் வந்திடுவன்" என்றார். நான் ஓம் என்றேன்.

படகுகள் கரைக்கு வந்ததும் மீனை மணலில் குவித்து ஏலம் கூறி விற்பதுதான் மனேச்சரின் பெரிய வேலை. நான் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன். சங்கத் தலைவர், வயதான படகுக்காரர், எனக்காகக் கூறுவார். அவர்கள் வீட்டுத் தேத்தண்ணி நான் குடிக்கமாட்டேன் என்பது கேளாமலே அவர்களுக்குத் தெரியும். மூடி திறக்காத சோடாப் போத்தலை என் கண்முன்னால் உடைத்துத் தருவார்கள். அதை மரியாதை என்று நினைத்துக் குடித்தேன்.

திட்டத்தில் இரண்டு விதிகள் இருந்தன. 'கற்றல் நிறைவுற்றது' என்று சங்கம் சான்று கொடுத்தால்தான் பரிமாற்றம் முடியும். அதுவரை எவரும் தம் சொந்த நிறுவனத்தின் எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது. வைத்தால் பழைய பழக்கம் திரும்பி, கற்றது கெட்டுவிடுமாம்.

மூன்று மாதம் முடிந்தும் சான்று போகவில்லை. பிள்ளை பிறந்தது. கொழும்பிலிருந்த மனேச்சர் ஊருக்கு வர அனுமதி கேட்டார். அவருடைய வீடு சங்க எல்லைக்குள் அடங்குமா என்று திணைக்களம் சங்க மனேச்சரைக் கேட்டு எழுதியது. சங்க மனேச்சர் நான். வீடு சங்கத்தின் வலைக்கொட்டிலுக்குப் பின்னால் இருந்தது. வீடு வேறு, சங்கம் வேறு என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆனால் அவர் வந்தால் கரையிலுள்ளவர்கள் திரும்பிப் போக விடமாட்டார்கள், நான் பரீட்சை மண்டபத்துக்குப் போகவேண்டி வரும். 'மயிலிட்டிக் கரை முழுதும் சங்க எல்லை' என்று எழுதினேன்.

அவருடைய மனைவி பிள்ளையை வேறு ஊரான தொண்டைமானாற்றில் தன் சித்தி வீட்டுக்குக் கொண்டுவருவதாகவும், அவர் அங்கே வந்து பார்க்கலாம் என்றும் சொல்லியனுப்பினார். திணைக்களம் மறுபடி கேட்டது. அங்கே சங்கத்துக்கு நூலும் தூண்டிலும் விற்கும் ஓர் அறை இருந்தது. அதுவும் எல்லை என்று எழுதினேன். அந்த மனிதர் எழுத்தில் வந்ததை மீறத் தெரியாதவர். கொழும்பிலேயே இருந்தார். மூன்று மாதம் முடியும்போதெல்லாம் 'கற்றல் நிறைவுறவில்லை' என்று நானே எழுதித் தலைவரிடம் கையெழுத்து வாங்கினேன். என் நிலைமையைப் பார்த்து அவரும் நம்பித்தான் வைத்தார்.

கடைசியில் கரை பொறுமை இழந்தது. ஒரு காலை நான் போனபோது, ஓலைப்பாயில் மீன்களைப் பரப்பி வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"இண்டைக்கு உங்களுக்குச் சோதினை ஐயா" என்றார் தலைவர். "நாங்கள் மீனைக் காட்டுவம், நீங்கள் பேர் சொல்லுங்கோ. சரியெண்டால் படிப்பு முடிஞ்சுது. எங்கடை மனேச்சர் வீட்டை வருவார்."

முதலில் சூடை மீனைத் தூக்கினார். அத்தனை மாதம் அந்தக் கரையில் நின்ற காகத்துக்கும் அது தெரியும்.

"பாரை" என்றேன்.

"பாரை உங்கடை கையளவு வரும் ஐயா. உது உங்கடை விரலளவு." பாரையையே தூக்கிக் காட்டினார். "அப்ப இது?"

"திருக்கை."

"திருக்கையெண்டால் வால் எங்கை?"

"அறுத்துப்போட்டியளாக்கும்."

"கொழும்புத் திருக்கைக்கு வால் இல்லைப் போலை" என்று பின்னால் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னும் மூன்று மாதம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது மனேச்சரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இடுப்பில் பிள்ளை. மற்றக் கையில் ஒரு மீனைத் தலையில் பற்றிப் பிடித்திருந்தார். "இதை ஒருக்காப் பிடியுங்கோ ஐயா, பிள்ளை வழுக்குது" என்று அதை என் பக்கம் நீட்டினார்.

நான் கையைப் பின்னுக்கு இழுத்தேன். "ஐயோ தங்கச்சி, முள்ளுக் குத்திப்போடும்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"உது என்ன மீன் ஐயா?" என்று தலைவர் கேட்டார்.

"ஓரா."

"ஓராவின்ரை முள்ளிலை விசம் இருக்கெண்டு தெரிஞ்சவருக்கு இனி என்ன படிப்பு" என்றார் தலைவர். "பாஸ்."

அந்தப் பெண் போகவில்லை. "அப்ப, என்ரை வீடு எது, சங்கம் எது எண்டும் ஐயாவுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் அவர் கையிலிருந்த ஓராவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சங்கத்துக்குள் போய், நான் கற்றுவிட்டேன் என்ற சான்றை நானே எழுதினேன்.

கொழும்பில் அந்த மனேச்சர் எனக்காகக் கதிரையைத் துடைத்து வைத்திருந்தார். பக்கத்தில் பெட்டி கட்டி ஆயத்தம். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. விதி அப்படி என்றே நம்பியிருந்தார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குமுன் அவர் கேட்டார்.

"பிள்ளை ஆரைப் போலை ஐயா?"

ஒரு வருடத்துக்கு மேல் அந்த வீட்டைக் கடந்துதான் வேலைக்குப் போய்வந்தேன். ஒருநாளும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. சோதனை நடந்த அன்று பிள்ளை எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அன்றும் முகத்தைப் பார்க்கவில்லை.

"உம்மைப் போலைதான்" என்றேன்.

அவர் தம் கன்னத்தையும் மூக்கையும் ஒருமுறை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போனார்.