கழுத்தில் தேடியது நெஞ்சில் இருந்தது

2006 தவக்காலத்தில் ஒரு தும்மல் போட்டேன். விலா எலும்பு முறிந்தது. சிரிக்காதீர்கள், உண்மை! அதற்கு முன்பே சிறுநீரகக் கல் வந்து என்னைப் பாடாய்ப் படுத்தியிருந்தது. கோவளத்தில் எங்கள் வீட்டுக் குடத்தைக்கூட என்னால் தூக்க முடியவில்லை. நாற்பது வயதுக்குள் கிழவியாகிவிட்டேனே என்று அழுதேன்.

செங்கல்பட்டில் ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பயறு அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டாம். அதில் ஒன்று வீங்கி, எலும்பிலிருக்கும் கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டுகிறதாம். எடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் அது எங்கே? அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியவில்லை. சென்னை சர்ஜன், "இன்னொரு ஸ்கேன் இருக்கு. அதுலயும் தெரியலன்னா கழுத்தைத் திறந்துதான் தேடணும். கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாதும்மா" என்றார்.

அந்த வாரம் எங்கள் அன்பியம், அதாவது தெருக்காரர்கள் கூடிச் செபிக்கும் கூட்டம், எங்கள் வீட்டில் நடந்தது. ஆளாளுக்கு என் கழுத்தில் கை வைத்து, "ஆண்டவரே, இந்தக் கழுத்தைத் தொடும்" என்று மன்றாடினார்கள். மீன் விற்கும் ஸ்டெல்லா அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா இது, கயுத்து கயுத்துன்னு அவருக்கே அட்ரஸ் சொல்லிக்கினு கீறீங்க? செஞ்சவருக்குத் தெரியாதா? எங்க கீதுன்னு நீயே காட்டு நைனான்னு கேளுங்க!"

எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அப்படியே கேட்டோம். நான் தேம்பித் தேம்பிக் கேட்டேன்.

ஸ்கேன் அன்று ஊசி போட்டுக் கேமராவுக்குக் கீழே படுக்க வைத்தார்கள். மருந்து அந்தச் சுரப்பியில் போய்த் தங்கினால் படத்தில் புள்ளியாகத் தெரியுமாம். கழுத்தில் ஒன்றுமில்லை. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. படம் எடுத்தவர் கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கினார். அங்கே, நெஞ்செலும்புக்குப் பின்னால், பளிச்சென்று ஒரு புள்ளி!

"சில பேருக்கு இங்க இறங்கியிருக்கும். இது தெரியாம கழுத்தைத் திறந்திருந்தா தேடிக்கிட்டே இருந்திருப்போம்" என்றார் படத்தைப் பார்த்த சர்ஜன். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் "அல்லேலூயா!" என்று கத்திவிட்டேன். நர்ஸ் அதட்டினார். அதட்டட்டுமே!

ஆபரேஷனில், படம் காட்டிய அதே இடத்தில் அந்தச் சுரப்பி இருந்தது, நெல்லிக்காய் அளவில். எடுத்த மறுநாளே கால்சியம் இறங்கியது. எலும்பு வலி மெல்ல மெல்ல விட்டது. ஆண்டவரே, உமக்கு எப்படி நன்றி சொல்வேன்!

இப்போதெல்லாம் நான் செபத்தில் அவருக்கு யோசனை சொல்வதில்லை. அன்புள்ளவர்களே, உங்கள் துன்பத்தின் வேர் எங்கே என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியவில்லை என்றே சொல்லிக் கேளுங்கள். அவர் காட்டுவார்.