அக்கா இடக்கையால் வரைந்த நட்சத்திரம்

ஜோதிமணி என் அக்கா மகள். ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பி.யு.சி. படிக்க மைசூருக்கு வந்து, மண்டி மொஹல்லாவில் என் வீட்டில் தங்கினாள். எடுத்த பாடங்களில் ஒன்று சைக்காலஜி. அவள் அப்பா லிங்கப்பனுக்கு அது பைத்தியக்காரர் படிப்பு. "பெயிலானா மூட்டையக் கட்டிரு. காட்டுல வேலை கெடக்குது" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

நான் ஏழாவதோடு நின்றவள். அவள் வாய்விட்டுப் படிப்பதைக் காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

தொண்ணூற்றைந்தில் இரண்டாம் வருடச் செய்முறைத் தேர்வு. ஒவ்வொரு மாணவியும் சோதனை செய்துகாட்ட ஓர் ஆளைக் கூட்டிப்போக வேண்டும். என்னைக் கூப்பிட்டாள். காலேஜ் என்றதுமே பயந்துபோய் வர மாட்டேன் என்றுவிட்டேன். அதனால் ஊரிலிருந்து அக்கா மல்லம்மா வந்தாள்.

"என்னை என்ன பண்ணச் சொல்லுவாங்க கண்ணு?"

"கண்ணாடியப் பாத்து நட்சத்திரம் வரையச் சொன்னாலும் சொல்லுவாங்கம்மா. கைய மறைச்சிருவாங்க, கண்ணாடில மட்டுந்தான் தெரியும். மொதல்ல பென்சில் நட்சத்திரக் கோட்டத் தாண்டும், போகப்போகத் தப்பு கொறையும். அத எண்ணி எழுதோணும்."

மகள் காலேஜுக்குப் போனதும் அக்கா பலகையில் கோலமாவால் நட்சத்திரம் போட்டு, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து விரலால் பழகினாள். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது நான்தான். மகளுக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாதே!

தேர்வன்று அதே சோதனைதான் வந்தது. நான் வராந்தா ஜன்னலோரம் நின்றேன். அக்கா முதல் முறையே கோடு தாண்டாமல் வரைந்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தாள். இரண்டாவதும் அப்படியே. ஜோதிமணியின் முகம் வெளுத்தது. குறைவதற்குத் தவறே இல்லையென்றால் எதைக் காட்டுவாள்?

"அம்மா, முன்னாடியே பழகிட்டயா?"

"ஆமா கண்ணு. ஏன், தப்பாப் போட்டனா?"

"தப்பே போடலியே, அதுதான் தப்பு!"

பக்கத்து மேசைப் பெண் வாய்பொத்திச் சிரித்தாள். இஷ்டத்துக்கு எண்களை எழுதிவைத்திருக்கலாம். ஜோதிமணி எழுதவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "எந்தக் கையில பழகுன?"

"சோத்துக் கையிலதான்."

அவள் எழுந்துபோய்த் தேர்வாளரிடம் நடந்ததைச் சொல்லி, இடக்கையால் செய்ய அனுமதி கேட்டாள். "ஹௌதா?" என்று, அப்படியா எனப் புருவம் உயர்த்திய அந்த அம்மாள், "சரி, செய்யுங்கள். ஆனால் இரண்டு கையாலும் வந்ததை எழுத வேண்டும்" என்றார் கன்னடத்தில்.

இடக்கை நட்சத்திரத்தை விட்டு எங்கெங்கோ ஓடியது. அக்காவுக்கு வியர்த்தது. ஒவ்வொரு தடவை பென்சில் கோடு தாண்டும்போதும் மகளின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. பிறகு தவறுகள் குறைய ஆரம்பித்தன. தேர்வாளர் ஜோதிமணியை நிற்கவைத்து நிறையக் கேள்விகள் கேட்டார். அவள் எதற்கும் திணறவில்லை.

ஜோதிமணி பாஸானாள். சைக்காலஜியில்தான் மார்க் அதிகம். அதற்குள் அக்கா, தானும் மைசூரில் பரீட்சை எழுதியதை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள். "பைத்தியக்காரப் படிப்புன்னா நானும்தானே படிச்சேன்?" என்று வீட்டுக்காரரையும் மடக்கியிருக்கிறாள்.

ஜூலையில் மாமாவே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளை பி.ஏ.வுக்குச் சேர்க்க வந்தார். காபி குடித்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"அந்தக் கண்ணாடி எங்கம்மா? நானும் ஒருக்கா வரைஞ்சு பாக்கறேன்."