அண்ணன் கொடுத்த காலண்டர்

போன மழைக்கு, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்சுவர் இடிந்தது. போலந்தில் வேலை பார்க்கும் அண்ணன் விடுப்பில் வந்து, சொந்தக்காரர்கள் முன்னால் சிரித்தான்.

“இடிஞ்ச வூட்ட வச்சிக்கினு இன்னாடி பண்ணப் போற? வித்துடு. எங்க வார்சாவுல பழைய வூடுங்க ஒரு கல்லு நவுறாம நிக்குது, பாரு” என்று அந்த வீடுகளின் படம் போட்ட ஒரு காலண்டரை நீட்டினான்.

செல்போனில் அந்த ஊரின் கதையைத் தேடிப் படித்தேன். மறுநாள் விருந்தில், அதே சொந்தங்கள் முன்னால் கேட்டேன்.

“அண்ணா, ரெண்டாம் உலகப் போர்ல உங்க ஊரு தரைமட்டமாயிடுச்சாமே? ஜனத்துல பாதிக்கு மேல செத்துப்போச்சாம். மிச்சப்பேரு திரும்பி வந்து, இடிஞ்ச செங்கல்லப் பொறுக்கிக் கட்டுனதாம் இந்த வூடுங்க. உனுக்குத் தெரியாதா?”

அவன் கை சோற்றிலேயே நின்றது. எனக்கு இனித்தது, இன்றும் இனிக்கிறது.

இடிந்த செங்கலை வைத்தே சுவரை எழுப்பிவிட்டேன். அதில் அந்தக் காலண்டரை மாட்டியிருக்கிறேன். அண்ணன் எப்போது வந்தாலும், அதற்கு நேரெதிரேதான் இலை போடுவேன்.