சாக்கு, நாக்கு, பதக்கு

“ஏட்டி, உன் ஆடு செத்ததுக்கு என் மருமக என்ன பண்ணுவா?”

“சும்மா கத்தாதீக பாயம்மா. என் ரெண்டு காதால கேட்டேன். சன்னலோரமா உக்காந்துக்கிட்டு ‘சா’ன்னா. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. மறுநாளே ஆடு காலை நீட்டிருச்சு.”

எதிர்வீட்டு அழகுத்தாய் இப்படிச் சொன்னது தொண்ணூத்தி நாலாம் வருசம், சீவில்லிபுத்தூர்ல எங்க தெருவுல, பட்டப்பகல்ல. அவ ஒருத்தி சொன்னாலும் பரவாயில்ல. மெகராஜ் பேகம் தலைகீழா மந்திரம் சொல்றா, மாமியாரை மயக்கி வச்சிருக்கா, அதான் புருசன் போன பொறவும் அந்த வீட்டுல ராணி மாதிரி இருக்கான்னு குழாயடி முழுக்க இதே பேச்சு. என்னைய மயக்கவா? உசுரோட இருந்தப்ப என் வீட்டுக்காரராலயே முடியல.

நூர்னிசா, நான் சொல்றபடியே எழுது. எழுதத் தெரிஞ்ச மக வயித்துப் பேத்தின்னு என் பேச்சைத் திருத்திறாதே.

என் மகன் அசன் முகம்மது லாரி கவுந்து இறந்தப்ப மெகராஜுக்கு இருபத்தாறு வயசு. பிள்ளை குட்டி கிடையாது. தமிழ் டைப் ஹையர் பாஸ் பண்ணினவ. ராஜபாளையத்துல குருசாமி நடத்துற டைப் இன்ஸ்டிட்யூட்டுக்கு வேலைக்குப் போனா. அவர் அப்பத்தான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். மதுரையில ஒரு ஆராய்ச்சி ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தாக. தப்பா அடிச்சா, இது தப்புன்னு அதுவே சொல்லணுமாம். அதுக்கு வேண்டிய வார்த்தைகளை அடிச்சு அனுப்புற வேலை மெகராஜுக்கு வந்துச்சு. கட்டுக்கட்டா அட்டை, அட்டைக்கு ஒரு வார்த்தை. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டாந்துருவா.

“கம்ப்யூட்டருக்குக் கடைன்னா தெரியும் மாமி. கடைக்குன்னா தெரியாது, தப்புங்குது.”

“அப்ப அது மக்கு”ன்னேன்.

“கடைசியில ‘க்கு’ வந்தா அதை வெட்டிட்டு மிச்சத்தைப் பாருன்னு சொல்லிக் கொடுக்காக. ஆனா எதெது வெட்டணும், எதெது வெட்டக்கூடாதுன்னு யாரும் கண்டுபிடிச்ச பாடில்ல.”

எப்படிக் கண்டுபிடிப்பாக? எல்லாரும் அட்டையை முதலெழுத்துப்படி அடுக்கினாக. கடைக்கு ஒரு மூலையில, மலைக்கு ஒரு மூலையில கிடந்துச்சு. ஒரு வெள்ளிக்கிழமை குர்ஆன் ஓதி முடிச்சவ, அப்படியே எந்திரிச்சு ஓடியாந்தா. “மாமி, நாம ஓதுறது வலது கைப்பக்கத்துலேர்ந்துதானே? இந்த வார்த்தைகளையும் அந்தப் பக்கமிருந்து பாத்தா என்ன?”

அன்னிக்குச் சோறு பொங்கல. அட்டை அம்புட்டையும் வீடு முழுக்கப் பரப்பி, கடைசி எழுத்தைப் பாத்துப் பாத்து அடுக்கினா. கடைக்கு, மலைக்கு, மழைக்கு, இலைக்கு, எல்லாம் பந்தியில உக்காந்த மாதிரி வரிசையா வந்துச்சு. எனக்கு எழுத்துத் தெரியாது. அவ வாசிக்க வாசிக்க ஒரே தாளமா விழுந்துச்சு பாரு, எனக்குக் கால் ஒரு இடத்துல நிக்கல!

அந்தப் பந்திக்குள்ளயே அழையாத கூட்டம் ஒண்ணும் உக்காந்திருந்துச்சு. “நாக்கு”ம்பா. “வெட்டு”ம்பேன். “நா”ம்பா. நாக்கை வெட்டியும் நாக்குதான் மிச்சம்! கம்ப்யூட்டர் இதுல ஏமாந்துபோயி, கடைக்கு மாதிரி இது ‘நா’வுக்குன்னு நினைச்சுக்குமாம். பாக்குல மிச்சம் பா. வாக்குல வா. சாக்குல சா. எனக்குச் சிரிப்பு தாங்கல, இன்னொருக்கச் சொல்லுன்னு நான்தான் மூணு தடவை சொல்ல வச்சேன். அழகுத்தாய் காதுல விழுந்தது அந்த ‘சா’தான்.

ஆடு செத்து அழகுத்தாய் வந்து கத்துன அன்னிக்குச் சாயங்காலம் என் கொழுந்தன் அகமது கபீர் வந்து நின்னான். செருப்புக்கடைக்காரன். கடைக்கு வந்த நாலு பேரு சொன்னதைக் கேட்டுட்டு வந்திருக்கான்.

“மதினி, இந்த அட்டையெல்லாம் அடுப்புல போடச் சொல்லுங்க. இல்ல, அவளை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிருங்க.”

மெகராஜ் குனிஞ்சு அட்டையைப் பொறுக்கினா. ரெண்டு மாசப் பாடு. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! நேரா எதிர்வீட்டுக்குப் போயி அழகுத்தாய் கையைப் பிடிச்சு இழுத்தேன்.

“வாட்டி, அந்த மந்திரத்தை நீயே சொல்லிப் பாரு.”

“அய்யோ, நான் மாட்டேன். கோழியாவது உசுரோட இருக்கட்டும்!”

விடல. உள்ள கொண்டாந்து உக்கார வச்சு, ‘க்கு’ன்னு முடியுற வார்த்தை சொல்லுன்னேன்.

“விளக்கு”ன்னா, பயந்து பயந்து.

“விள”ன்னா மெகராஜ். ஒண்ணும் ஆகல.

“கிழக்கு.”

“கிழ.” தன்னையத்தான் சொல்றாளோன்னு கபீர் முறைச்சான். அழகுத்தாய் குபீர்னு சிரிச்சுட்டா. அதுக்குப் பொறவு அவளை யாரு நிறுத்த? சுக்கு, கொக்கு, தேக்குன்னு அடுக்கிக்கிட்டே போனவ, “பதக்கு”ன்னா.

மெகராஜ் நிமிந்தா. “அப்படின்னா என்னக்கா?”

“இது தெரியாதா? எங்கய்யா நெல்லு அளப்பாரு. ரெண்டு குறுணி ஒரு பதக்கு.”

அவ அட்டையிலயே அந்த வார்த்தை இல்ல. துள்ளி எந்திரிச்சு புது அட்டையில எழுதினா. கீழ, சொன்னவுக அழகுத்தாய்னும் எழுதினா.

“என் பேரு மதுரைக்கா போகுது?”

“போகுதுக்கா.”

அன்னையிலேர்ந்து ஆடு செண்பகத்தோப்புப் பக்கம் எதையோ மேஞ்சு செத்துச்சுன்னு அவளே தெருவுல சொல்ல ஆரம்பிச்சா. கபீர் மட்டும் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் திரிஞ்சான்.

நாக்கு, பதக்கு மாதிரி உள்ளதையெல்லாம் வெட்டக்கூடாத வார்த்தைன்னு மெகராஜ் தனியா எழுதி மதுரைக்கு அனுப்பினா. ஒரு மாசம் கழிச்சு குருசாமியே வீடு தேடி வந்தார். “பாயம்மா, உங்க மருமகளை அந்த ஆபீஸ்ல வேலைக்குக் கூப்பிட்டிருக்காக. ஒண்ணாந்தேதிக்குள்ள வரலைன்னா வேற ஆள் போட்டுருவாகளாம். இந்தப் புள்ள வரலைன்னு எழுதச் சொல்லுதே!”

கடுதாசி வந்து எட்டு நாளாச்சாம். மறைச்சு வச்சிருக்கா.

“ஏம்புள்ள?”

“உங்களை யாரு மாமி பாப்பா?”

“எனக்கென்ன கையில்லையா காலில்லையா? தனியா இருக்கப் பயந்தவளா நான்?” பயம்தான். அவகிட்டச் சொல்லல. சொல்லியிருந்தா போயிருக்கமாட்டா.

முப்பதாந்தேதி காலையில கிளம்பிட்டா. கபீர் வாசலை மறிச்சு நின்னான். “ஊரு என்ன சொல்லும் மதினி?”

“சொல்றதைச் சொல்லட்டும். பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீ பெட்டியைத் தூக்கு.”

முனகிக்கிட்டே வாசலை விட்டு விலகினான். பொறவு தூக்கினான். மெகராஜ் செருப்பை மாட்டிக்கிட்டு அவன் பின்னாலயே தெருவுல இறங்கிட்டா.