மருந்து கொடுக்காத ஏழு ஆடுகள்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழையும் நிறைய வரும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போகும் விஷயத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு முப்பத்துநாலு செம்மறி. என் மனைவியின் அண்ணனுக்கு, அதாவது மச்சானுக்கு, அதைப்போல் இரண்டு மடங்கு. பதினெட்டு வருடமாக இரண்டு மந்தையும் கண்மாய்க் கரையில் ஒன்றாகத்தான் மேய்ந்தன. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் குடற்புழு மருந்து ஊற்றுவோம். ஒன்றைக்கூட விடமாட்டோம். அதுதான் முறை என்று இருந்தோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மருந்து கேட்கவில்லை. அதே பாட்டில், அதே அளவுதான். ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. கடைக்காரர் அளவைக் கூட்டச் சொன்னார். கூட்டினோம். அப்படியும் செத்தன.

ஒரு ஆட்டைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரம்மாவிடம் போனேன். அவர் ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வேட்டி மாதிரி வெளுத்திருந்தது. புழு ரத்தத்தைக் குடித்துவிட்டது என்றார். "எல்லா ஆட்டுக்கும் ஊத்துனா, மருந்துக்குச் சாகுற புழு எல்லாம் செத்துருதுண்ணே. சாகாத ஒண்ணு ரெண்டுதான் மிஞ்சுது. அடுத்த வருசம் புல்லுல இருக்கிறது பூராவும் அதோட பிள்ளைக. அதனால இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் ஊத்துங்க. நல்லா இருக்கிறதுல கொஞ்சத்தை விட்டுவைங்க. மருந்துக்குச் சாகுற புழுவும் மேய்ச்சல்ல இருந்தா ரெண்டும் கலந்துரும், மருந்து இன்னும் கொஞ்ச காலம் கேக்கும்."

"நிச்சயமாங்கம்மா?"

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் நான். அன்றைக்கு இதை இரண்டு தடவை கேட்டேன்.

"நிச்சயம்னு சொல்ல மாட்டேன். மத்த இடத்துல சரியா வந்திருக்கு. நம்ம மண்ணுல, நம்ம வெயில்ல எப்படின்னு தெரியாது. மூணு நாலு வருசம் ஆகும் தெரிய."

போன வருடம் இமை சிவந்திருந்த ஏழு ஆடுகளை மருந்து ஊற்றாமல் விட்டேன். அதில் ஒன்று செத்தது, இரட்டைக் குட்டி சுமந்த ஆடு. நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன். அதன் இமையைச் சாயங்கால வெயிலில் பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் வெளுத்ததுகூடச் சிவப்பாகத் தெரியும். கருவேலமரத்தடியில் குழி வெட்டும்போது என் மனைவி பக்கத்தில் நின்றாள். "பாக்குறதுதான் பாத்தீக, நல்ல வெளிச்சத்துல பாத்திருக்கக் கூடாதா?" என்றாள். அதிலிருந்து பகல் பதினொரு மணிக்கு, வேப்பமர நிழலில்தான் பார்க்கிறேன். இந்த வருடமும் அப்படிப் பார்த்து ஏழு ஆடுகளை விட்டுவைத்தேன்.

இந்த ஐப்பசியில் ஊர் மந்தைத் திடலில் ஒரு முகாம் போட்டார்கள். ஒரு தம்பி செல்போன் கொண்டுவந்திருந்தார். இமையைப் படம் பிடித்தால் மருந்து வேண்டுமா வேண்டாமா என்று அதுவே சொல்லிவிடுமாம். "இனிமே யாரும் யோசிக்கவே வேணாம்ணே" என்றார். அந்த ஏழில் சேராத என் ஆடு ஒன்றை வெயிலில் நிறுத்திப் பிடித்தார். போன் 'நலம்' என்றது. எனக்கு இமை வெளுப்பாகத் தெரிந்தது. ஆட்டைப் பத்தடி தள்ளி நிழலுக்கு இழுத்துப்போய், "இங்க ஒருக்கா பிடிங்க தம்பி" என்றேன். 'மருந்து தேவை' என்றது. கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவே கேட்டேன். "இது நூறு ஆட்டுல எத்தனைக்குத் தப்பாச் சொல்லும்?"

"அப்படியெல்லாம் தப்பாச் சொல்லாதுண்ணே."

"நான் தப்பாப் பாத்து ஒரு ஆட்டைப் புதைச்சிருக்கேன். எந்த வெளிச்சத்துல தப்புச் செஞ்சேன்னு எனக்குத் தெரியும். ஒங்க போனுக்குத் தெரியுமா?"

அதற்கு மச்சான்தான் பதில் சொன்னார். "தெரியாதுன்னு சொல்ற டாக்டரை நம்புவாரு. தெரியும்னு சொல்ற போனை நம்ப மாட்டாரு. எங்க மாப்பிள்ளை மூளை அப்படி."

"தெரியாததத் தெரியாதுன்னு அவுக சொன்னாக மச்சான். அதனாலதான் நம்புறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மச்சான் முகம் மாறியது. "அப்ப ஒண்ணு செய்யி மாப்ள. நீ விட்டுவைக்கிற ஏழுக்கும் இன்னைக்கே ஊத்து. இல்லன்னா நாளையிலருந்து ஒன் மந்தை தனி, என் மந்தை தனி. ஒன் ஆட்டுப் புழுவ என் ஆடு எதுக்குத் திங்கணும்?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. என் ஏழு ஆடும் போடும் புழுக்கையிலிருந்துதான் அவர் மேய்ச்சலுக்கும் புழு போகும். அப்படிப் போனால்தான் கலக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் ஊற்றவில்லை. பதினெட்டு வருடத்துக்குப் பிறகு என் ஆடுகள் மேற்குக் கரையில் தனியாக மேய்கின்றன. அவருடையவை கிழக்கே. சத்தம் கேட்டால் இரண்டு பக்கத்து ஆடும் தலையைத் தூக்கிப் பார்க்கின்றன. தீபாவளிக்கு என் மனைவி பலகாரத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போய்வந்தாள்.

நேற்றும் ஏழு ஆட்டின் இமையையும் பார்த்தேன். ஆறுக்கு நல்ல சிவப்பு. காதறுந்த ஆட்டுக்கு மட்டும் சிவப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை. மூன்று நாள் கழித்துத் திரும்பப் பார்ப்பேன். அப்போது வெளுத்திருந்தால் ஊற்றுவேன். வீம்புக்காக இன்னொரு ஆட்டைக் குழியில் போடமாட்டேன்.

இதை இப்போதே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாலு வருடம் கழித்து மருந்து கேட்டால், எனக்கு அப்போதே தெரியும் என்று நான் பேசுவேன். கேட்காவிட்டால் மச்சான் அதையே பேசுவார். இன்றைக்கு இரண்டு பேருக்கும் தெரியாது. தெரியாமல்தான் நான் மேற்குக் கரைக்கு ஓட்டிப்போகிறேன். தப்பாகப் போனால் இந்தத் தாளை எடுத்துப்போய் அவர் வாசலில் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டுவேன். அதுவரை மந்தை தனியாகவே மேயட்டும்.

முடிவு தெரியாமல் எழுதியது, கார்த்திகை மாதம் ஒன்பதாம் தேதி.