பல் உடைந்த ஜீப்பில் வாகரைக்கு

வாகரைக் கடற்கரையில் இரண்டு நாள் தங்குவது நானும் றிசானாவும் நெடுநாளாகப் போட்டிருந்த திட்டம். இருவரும் ஒரே பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறோம். ஜீப் என்னுடையது, அதற்கு வயது முப்பத்திரண்டு. ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள் காலை ஐந்தரைக்கு மட்டக்களப்பிலிருந்து கிளம்பினோம்.

முப்பத்தைந்து கிலோமீற்றர் தாண்டி, கல்குடாவுக்குள் நுழையும்போது பின்பக்கம் உறுமத் தொடங்கியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் 'டக் டக்' என்று அடித்தது. வழியில் இருந்த கராஜில் நிறுத்தினோம். முதலாளி குனிந்துகூடப் பார்க்கவில்லை. பின்சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டி, அதாவது பின் டிபரன்ஷல், முடிந்துவிட்டது, திருத்திப் பிரயோசனமில்லை என்றார்.

"இரும்பு விலைக்கு நான் எடுக்கிறன் தங்கச்சி. நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸில போங்க."

எனக்குக் காது சுட்டது. இதே ஜீப்பின் கிளச்சை வீட்டு முற்றத்தில் நானே மாற்றியிருக்கிறேன். அவர் வாசலிலேயே சாக்கை விரித்துப் படுத்தேன். பின் அச்சுக்கு விசை கொண்டுபோகும் நீண்ட தண்டை, எட்டு நட்டுக் கழற்றி உருவி எடுத்தேன். நான்கு சக்கர லீவரைப் போட்டதும் முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. உடைந்த துண்டு ஏதும் சிக்கிப் பின்சக்கரம் இறுகிவிடுமோ என்ற பயத்தோடு, ஏழு கிலோமீற்றர் ஊர்ந்து ஓட்டமாவடியில் றிசானாவின் தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே டிபரன்ஷலை இறக்கினால், கறுத்த ஒயிலோடு ஓர் இரும்புப் பல் வந்து விழுந்தது. பழைய பாகங்கள் விற்கும் கடைக்காரர் வேறொன்றைத் தந்து இரண்டும் ஒன்றுதான் என்று சாதித்தார். றிசானா விடவில்லை. எங்களுடையதில் பெரிய பற்சக்கரத்துக்கு 41 பல், சிறியதற்கு 10. அவருடையதில் 43, 11. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் நான்கு சக்கர ஓட்டமே நாசம். குவியலின் அடியில் சரியானது கிடைத்தது. அறுபதாயிரம் ரூபாய்.

முப்பது கிலோவுக்கு மேல் பாரம். வண்டி தூக்கும் ஜக்கில் பலகை வைத்து, அங்குலம் அங்குலமாக ஏற்றினோம். பூட்டி முடித்து ஒயில் ஊற்றினால் ஒழுகியது. எல்லாவற்றையும் மறுபடி கழற்றவேண்டும். றிசானா ஸ்பனரை மண்ணில் போட்டுவிட்டு அழுதாள். நானும்தான்.

"அக்கா, அந்தாளுக்கு இரும்பாக் குடுக்கப் போறமா?" என்று கேட்டுவிட்டு, அவளே திரும்ப அடியில் தவழ்ந்து போனாள்.

இணைப்பைத் துடைத்துப் பசை பூசித் திரும்பப் பூட்டியதும் ஒழுக்கு நின்றது. மூன்றாம் நாள் காலை 9.40க்கு வாகரை மணலில் இறங்கினோம். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் கறுத்த கைகளைப் பார்த்து, ஆர் திருத்தினது என்று விசாரித்தார்.

"நாங்கதான்" என்றாள் றிசானா.

நீங்களும் இந்த வேலையில் இறங்குவதென்றால்: பழைய பாகத்தைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பற்களை எண்ணுங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், தடித்த கட்டைகள் முட்டுக் கொடுங்கள். ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் ஒயிலைப் பாருங்கள்.

அறுபது கிலோமீற்றர் வேகத்தில் வண்டி இன்னும் இலேசாக முனகுகிறது. எங்கள் கைவேலை. முனகட்டும்.